மஞ்சள் சீட்டும் சிவப்பு எழுத்தும்

மனிதன் செய்த குற்றம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அதற்காக ஊர் அவனுக்கு வைக்கிற பெயர் முடிவதில்லை. ஒரு தடவை திருடியவன் அப்புறம் இருபது வருஷம் தராசு பிசகாமல் கடை நடத்தினாலும், அவன் பேரனுக்குப் பெண் கேட்டுப் போகும்போது, "அந்தத் திருட்டுப் பயல் வீடா?" என்று யாராவது ஒரு கிழவி கேட்காமல் இருக்க மாட்டாள். தண்டனைக்குக் கெடு உண்டு. பெயருக்குக் கெடு இல்லை.

கிறிஸ்தவ மதம் இந்த இடத்தில் மிகவும் துணிச்சலான ஒரு காரியத்தைச் சொல்கிறது. மனந்திரும்பியவன் புது மனுஷன், பழையவன் ஒழிந்துபோனான் என்கிறது. கோவிலில் இதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு வெளியே வருவது சுலபம். நாவலாசிரியனுக்கு அது அத்தனை சுலபமல்ல. அவன் அந்தப் புது மனுஷனை மறுநாள் காலையில் கடைத்தெருவுக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட நூறு வாய்கள் காத்திருக்கின்றன. அப்போது அந்தப் புது மனுஷன் என்ன ஆகிறான்?

பக்திக் கதைகள் என்ற பெயரில் வரும் பெரும்பாலான நாவல்கள் இந்தக் கேள்விக்குப் பயந்து ஓடிவிடுகின்றன. பாவி ஒருவன் வருகிறான், ஒரு பிரசங்கம் கேட்கிறான், கண்ணீர் விடுகிறான், கதை முடிந்துவிடுகிறது. அதாவது, கதை தொடங்க வேண்டிய இடத்தில் ஆசிரியர் மங்களம் பாடிவிடுகிறார். இந்தக் கேள்வியை நேருக்கு நேர் நின்று பார்த்த நாவல்கள் மிகச் சில. அவற்றில் தலையானவை என்று நான் கருதும் மூன்று, பதினாறு வருஷ இடைவெளிக்குள் மூன்று தேசங்களில் வெளிவந்தன. அமெரிக்காவில் ஹாதார்னின் 'சிவப்பு எழுத்து' 1850-ல். பிரான்சில் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிஸரப்ள்' 1862-ல். ருஷ்யாவில் தாஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866-ல். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவையல்ல இவை. ஆனாலும் மூன்றிலும் பழைய பாவம் கையால் தொடக்கூடிய ஒரு பொருளாக வருகிறது. ஒன்றில் மார்பில் தைத்த சிவப்புத் துணி. மற்ற இரண்டிலும் மஞ்சள் காகிதம்.

ஹ்யூகோவின் கதை நமக்கு அந்நியமல்ல. சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950-ல் அதே பெயரில் படமாகவும் வந்து, நாகையாவின் முகத்தோடு தமிழ் ஜனங்களின் மனத்தில் தங்கிவிட்டது. ஒரு ரொட்டியைத் திருடியதற்கு ஐந்து வருஷம், தப்பிக்க முயன்றதற்கு மேலும் மேலும் வருஷங்கள் என்று மொத்தம் பத்தொன்பது வருஷம் தூலோன் சிறையில் கிடந்துவிட்டு ஜீன் வல்ஜீன் 1815-ல் வெளியே வருகிறான். உள்ளே அவனுக்குப் பெயர் இல்லை. 24601 என்ற எண்தான். வெளியே வரும்போது பெயரைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், ஆனால் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். மிகவும் ஆபத்தானவன் என்று அதில் கண்டிருக்கிறது. போகிற ஊரிலெல்லாம் அவன் அதைக் காட்ட வேண்டும். திஞ் என்ற ஊரில் கையில் காசு இருந்தும் சத்திரத்தில் இடமில்லை; சாராயக் கடையில் இடமில்லை. சிறைச்சாலைக் கதவைத் தட்டினால் அங்கேயும் இடமில்லை. ஒரு நாய்க் கொட்டிலுக்குள் நுழைந்தால் நாயும் துரத்துகிறது.

கடைசியில் அவன் மேற்றிராணியார் வீட்டுக்கு வருகிறான். இந்தக் காட்சியை நினைக்கும்போது நாம் எல்லோரும் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையே நினைக்கிறோம். அதற்கு முன்னால் நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வல்ஜீன் வீட்டுக்குள் நுழைந்ததும் யாரும் கேட்பதற்கு முன்பே தன் மஞ்சள் சீட்டைத் தானே எடுத்துப் படித்துக் காட்டுகிறான். ஊர் சொன்னதை அவனே திருப்பிச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டான். ஒட்டிய சீட்டு தோலோடு தோலாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை. அதைக் கேட்ட கிழவர் மறுக்கவில்லை, உபதேசம் செய்யவில்லை. மேஜையில் இன்னொரு தட்டு வைக்கச் சொல்கிறார். அவனை 'ஐயா' என்று அழைக்கிறார். உன் பெயர் எனக்கு எதற்கு, நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்த பெயர் ஒன்று உனக்கு இருக்கிறது, நீ என் சகோதரன் என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொல்கிறார். அவ்வளவுதான்.

நாவலின் ஆரம்பத்தில் இந்த மேற்றிராணியாரைப் பற்றி மட்டும் 14 அத்தியாயங்கள் இருக்கின்றன. கதாநாயகன் தலை காட்டுவதற்கு முன் இத்தனை பக்கமா என்று அலுத்துக்கொள்ளாத வாசகர் குறைவு. சுருக்கப் பதிப்புகளில் முதலில் வெட்டுப்படுவதும் இந்தப் பகுதிதான். அதை வெட்டுகிறவர்கள் நாவலின் வேரை வெட்டுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அரண்மனை போன்ற தம் வீட்டை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு, நோயாளிகள் நெருக்கிக் கிடந்த சிறு கட்டடத்துக்குக் குடிபோனவர். பதினையாயிரம் பிராங்க் வருமானத்தில் தமக்கென்று ஆயிரத்தை வைத்துக்கொண்டவர். கதவுக்குத் தாழ் போடாதவர். இதெல்லாம் புண்ணிய புருஷர்களைப் பற்றி வழக்கமாகச் சொல்வதுதான். வழக்கமில்லாத அத்தியாயம் ஒன்று இடையில் வருகிறது. பழைய புரட்சிச் சபையின் அங்கத்தினர் ஒருவர் ஊருக்கு வெளியே தனியாகச் சாகக் கிடக்கிறார். ராஜாவைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று ஊரே அவரை ஒதுக்கிவைத்திருக்கிறது. மேற்றிராணியாருக்கும் அவர்மேல் வெறுப்புத்தான். கடமைக்காகப் போகிறார், வாதம் செய்கிறார், கடைசியில் அந்தச் சாகிற மனிதனின் முன்னால் தாமே மண்டியிட்டு ஆசீர்வாதம் கேட்கிறார்.

இந்த ஒரு அத்தியாயத்துக்காக மற்றப் பதின்மூன்றையும் பொறுத்துக்கொள்ளலாம். சீட்டைப் பார்க்காமல் மனிதனைப் பார்க்கும் கண் பிறவியிலேயே வந்துவிடவில்லை. அந்தக் கிழவர் அதை ஒரு நாள் வெட்கத்தோடு கற்றுக்கொண்டார். வல்ஜீனுக்கு அவர் காட்டியது ஒரு ராத்திரி தோன்றிய கருணையல்ல, பழகிய கருணை. பிரசங்கக் கதைகளில் இந்தப் பழக்கம்தான் காணக் கிடைப்பதில்லை. அதனால்தான் அவற்றில் வரும் பாதிரிமாரின் கருணை வர்ணம் பூசியதுபோல் இருக்கிறது.

இப்படி ஒரு மேற்றிராணியாரைப் படைத்த புத்தகத்தையே ரோமாபுரி 1864-ல் விசுவாசிகள் படிக்கக் கூடாத நூல்களின் ஜாபிதாவில் சேர்த்தது. வல்ஜீனுக்கு ஒரு மஞ்சள் சீட்டு. வல்ஜீனின் கதைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. அந்த ஜாபிதாவையே 1966-ல் கைவிட்டுவிட்டார்கள்.

ஹ்யூகோ உணர்ச்சியை வாரி இறைக்கிறவர் என்ற பேச்சு உண்டு. அது பொய்யல்ல. ஆனால் கருணை கிடைத்த மறுநாளே அவர் வல்ஜீனை என்ன செய்கிறார் என்று பாருங்கள். வழியில் ஒரு சிறு பையனின் நாற்பது சூ நாணயம் உருண்டு வர, வல்ஜீன் அதைக் காலால் மிதித்து மறைத்துக்கொள்கிறான். வெள்ளித் தட்டுகள் மூட்டையில் இருக்கின்றன; நாற்பது சூ அவனுக்குத் தேவையே இல்லை. இருந்தும் திருடுகிறான். மேற்றிராணியாரின் கண்ணிலிருந்து போய்விட்ட பெயர் அவன் காலில் இன்னும் இருக்கிறது. உணர்ச்சியை மட்டும் நம்பிய ஆசிரியர் இந்தக் காட்சியை எழுதியிருக்க மாட்டார்.

அப்புறம் அவன் வேறொரு ஊருக்குப் போகிறான். போய்ச் சேர்ந்த அன்று அங்கே தீப்பிடித்து எரிகிறது. உயிரைப் பணயம் வைத்து இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். அவை போலீஸ் அதிகாரியின் குழந்தைகள். ஆகவே அவனிடம் சீட்டுக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மதலேன் என்ற பெயரில் தொழில் நடத்தி, ஊருக்கே சோறு போட்டு, நகர மேயராகிறான். ஹ்யூகோ தேர்ந்தெடுத்த பெயரைக் கவனிக்க வேண்டும். மதலேன் என்றால் மகதலேனா மரியாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாவலின் சிகரம் ஆராஸ் நகர நீதிமன்றம். யாரோ ஒரு கிழவனைப் பிடித்து, இவன்தான் வல்ஜீன் என்று ஆயுள் தண்டனை கொடுக்கப் போகிறார்கள். மதலேன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழைய பெயர் இன்னொருவன் தலையில் ஏறிப் போய்விடும். ராத்திரி முழுவதும் தவித்துவிட்டு, மறுநாள் அவன் நீதிமன்றத்துக்குப் போய், நான்தான் அந்தக் கைதி என்கிறான். யாரும் நம்பவில்லை. நிரூபிப்பதற்காகச் சாட்சி சொன்ன பழைய கைதிகளின் அந்தரங்க அடையாளங்களைச் சொல்கிறான். அவர்களில் ஒருவனுக்குத் தோளில் சூடு போட்ட மூன்று எழுத்துக்கள். ஆயுள் கைதி என்பதற்கான எழுத்துக்கள் அவை. அவற்றை அழிப்பதற்காக அவன் ஒரு நாள் தணல் நிறைந்த சட்டியில் தோளை வைத்துப் பொசுக்கிக்கொண்டான். சதை வெந்ததுதான் மிச்சம். எழுத்துக்கள் இன்னும் தெரிகின்றன.

இந்தச் சிறு விவரம் போகிற போக்கில் வந்து மறைந்துவிடுகிறது. நாவலின் முழு அர்த்தமும் அதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பழைய எழுத்தைச் சுட்டு அழிக்கப் பார்த்தவன் ஒருவன். அதே மண்டபத்தில், அழிந்துபோன எழுத்தைத் தானே திரும்ப எழுதிக்கொள்கிறவன் இன்னொருவன். முதல் மனிதன் அடிமையாகவே இருக்கிறான், இரண்டாமவனுக்குத்தான் விடுதலை. ஏனென்றால் இப்போது அந்தப் பெயர் அவன்மேல் பிறர் ஒட்டியதல்ல. இன்னொரு ஜீவனை மீட்பதற்காக அவனே கொடுத்த விலை. பிறருடைய பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட ஒருவரை வணங்கும் மதத்தில், ஒரு நாவலாசிரியன் இதைவிட நேராக அதன் மையத்தைத் தொட முடியாது.

ஜாவரையும் மறந்துவிடக் கூடாது. வல்ஜீனைத் துரத்தும் அந்தப் போலீஸ்காரன் சிறைச்சாலையில் பிறந்தவன், குறி சொல்லும் ஒருத்தியின் மகன், தகப்பன் கைதி. பிறக்கும்போதே சீட்டு ஒட்டப்பட்டவன். அதிலிருந்து தப்ப அவன் கண்ட வழி, சீட்டு ஒட்டுகிறவர்களின் பக்கம் போய்ச் சேர்ந்துகொள்வது. இந்த ரகத்து மனிதரை நம் ஊரிலும் நிறையப் பார்க்கலாம். வல்ஜீனின் கருணையால் தன் உயிரே மிஞ்சியபோது அவன் ஆற்றில் விழுந்து சாகிறான். கருணையை அவனால் கொடுக்க முடியாததில் ஆச்சரியம் இல்லை; வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், நம் படத்தில் அந்த வேஷத்தைப் போட்ட சீதாராமனுக்கு ஜாவர் என்ற பெயரே ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. 'உடல் பொருள் ஆனந்தி' எழுதிய நாவலாசிரியரையும் தமிழ் ஜனங்கள் ஜாவர் சீதாராமன் என்றுதான் அறிவார்கள். பெயர் ஒட்டுவதில் ஜனங்களுக்கு உள்ள திறமை, அன்பிலும் குறைவதில்லை.

ஹ்யூகோவிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கடைசிப் பாகத்தில் வல்ஜீன், தான் வளர்த்த பெண்ணின் புருஷனிடம் தன் பழைய கதையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகிறான். அந்த இளைஞனின் உயிரைக் காப்பாற்றியவனே தான்தான் என்பதை மட்டும் சொல்லாமல் மறைத்துக்கொள்கிறான். மேற்றிராணியார் ஒரு ராத்திரியில் மன்னித்தார். வல்ஜீன் தன்னை ஆயுள் முழுவதும் மன்னிக்கவில்லை. ஜாவர் செத்த பிறகு அவனே தனக்கு ஜாவராகிவிட்டான். இது தியாகம் என்கிறார் ஹ்யூகோ. கிருபையை நம்பாததற்கும் தியாகம் என்று பெயர் வைக்கலாமா? தன் கல்லறைமேல் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அவன் சாகிறான். பெயரில்லாத அந்தக் கல்லைப் பார்த்து நாம் அழுகிறோம். ஆனால் அழுது முடித்ததும், இவனுக்குக் கடவுள் கொடுத்த புதுப் பெயர் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது.

ஹாதார்னின் நாவலில் கல்லறைமேல் பெயர் இல்லை. ஆனால் எழுத்து இருக்கிறது. இரண்டு நாவல்களுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு கற்களே காட்டிவிடுகின்றன. பதினேழாம் நூற்றாண்டின் பாஸ்டனில் ஹெஸ்டர் பிரின் கைக்குழந்தையோடு மேடையில் மூன்று மணி நேரம் நிறுத்தப்படுகிறாள். சோரம் போனவள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மார்பில் அணிந்திருக்க வேண்டும் என்பது தண்டனை. இங்கே சீட்டு ஒட்டுகிறவர்கள் போலீஸ்காரர்கள் அல்லர், ஜபம் செய்கிறவர்கள். மதத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். இதைச் சொல்ல ஹாதார்னுக்கு உரிமை உண்டு. 1692-ல் சேலம் ஊரில் சூனியக்காரிகள் என்று முத்திரை குத்திப் பலரைத் தூக்கிலிட்ட வழக்குகளின் நீதிபதிகளில் ஒருவர் அவருடைய சொந்த மூதாதை.

விபசாரத்தில் பிடிபட்ட ஒருத்தியை ஏசுவின் முன் கொண்டுவந்து நிறுத்திய கதை எல்லோருக்கும் தெரியும். ஏசு எதையோ எழுதினார் என்று சுவிசேஷங்களில் வருவது அந்த ஒரே இடத்தில்தான். குனிந்து மண்ணில் எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. மண்ணில் எழுதியது காற்றடித்தால் போய்விடும். அவர் பெயரைச் சொல்லி ஊர் ஆண்டவர்கள், சிவப்புத் துணியில் அழியாத எழுத்தாக எழுதினார்கள். ஹாதார்ன் இந்த ஒப்புமையை எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவருடைய நாவல் முழுவதும் அதைத்தான் சொல்கிறது.

ஹெஸ்டர் அந்த எழுத்தைப் பிய்த்து எறியவில்லை. தங்க ஜரிகையால் அழகாகப் பின்னி அணிகிறாள். தையல் வேலை செய்து பிழைக்கிறாள், நோயாளிகளிடம் போகிறாள், துக்க வீடுகளில் நிற்கிறாள். சில வருஷங்களில் ஊர் ஜனங்களே அந்த எழுத்துக்கு வேறு அர்த்தம் சொல்லத் தொடங்குகிறார்கள். திறமைசாலி என்பதற்கும் அதுதானே முதலெழுத்து என்கிறார்கள். ஒரு நாள் காட்டில் அவள் அதைக் கழற்றி எறிகிறாள். உடனே அவள் குழந்தை அவளை அடையாளம் தெரியாததுபோல் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. திரும்ப அணிந்துகொண்ட பிறகுதான் கிட்ட வருகிறது. பழசை இல்லையென்று சொல்லிப் பெறும் விடுதலை, பழசில் பிறந்த நல்லதையும் இல்லையென்று சொல்வதாகும். ஒரு குழந்தையின் பிடிவாதத்தில் ஹாதார்ன் இதைக் காட்டிவிடுகிறார். கடைசியில், கழற்று என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தும், வெளிதேசம் போன ஹெஸ்டர் திரும்பி வந்து, யாரும் கட்டாயப்படுத்தாமல் அதே எழுத்தை அணிந்துகொள்கிறாள்.

ஆனால் இந்த நாவலில் ஒரு மேற்றிராணியார் இல்லை. ஹெஸ்டரை 'சகோதரி' என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை. அவள் தன் உழைப்பால் எழுத்தின் அர்த்தத்தை மாற்றினாள், கிருபையால் அல்ல. அதனால்தான் அத்தனை அழகான அந்தப் புத்தகம் மார்கழி மாதத்துக் கல்லைப்போல் குளிர்ந்திருக்கிறது.

தாஸ்தாயெவ்ஸ்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவரை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். குடும்பத்தின் பசிக்காக மஞ்சள் சீட்டு வாங்கியவள் ஸோனியா. கொலை செய்த ரஸ்கோல்நிகாஃபுக்கு, செத்த லாசர் எழுந்த கதையை அவள் படித்துக் காட்டுகிறாள். அந்தப் புத்தகமே அவன் கொன்ற ஒருத்தி கொடுத்தது. தான் நல்லவள் என்று அவள் ஒரு இடத்திலும் சொல்லிக்கொள்வதில்லை. சைபீரியாவில் கைதிகள் அவளைக் கண்டால் குல்லாயை எடுக்கிறார்கள்; தாயே என்கிறார்கள். ஆசிரியர் இதைக் கற்பனையால் மட்டும் எழுதவில்லை. அவரே நான்கு வருஷம் ஓம்ஸ்க் சிறையில் கைதியாக இருந்தவர். போகும் வழியில் 1850-ல் தோபோல்ஸ்கில் சில ஸ்திரீகள் கொடுத்த புதிய ஏற்பாட்டை 1881-ல் சாகும்வரை வைத்திருந்தார். ஹ்யூகோவிடம் மேலிருந்து கீழே வரும் கருணை, தாஸ்தாயெவ்ஸ்கியிடம் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு மஞ்சள் சீட்டுக்காரி ஒரு கொலைகாரனுக்குக் கொடுக்கிறாள். ஹெஸ்டருக்குக் கிடைக்காத சகோதரன் என்ற சொல்லும், வல்ஜீன் வாங்கிக்கொள்ளத் தெரியாமல் விட்ட மன்னிப்பும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. மூன்றில் இதையே நான் முதலில் வைப்பேன்.

மகதலேனா மரியாளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அவள் வேசி என்று சுவிசேஷத்தில் எங்கும் இல்லை. பாவியான வேறொரு ஸ்திரீயையும் அவளையும் ஒன்றாக்கி 591-ல் போப் கிரகோரி செய்த ஒரு பிரசங்கத்தால், மேற்குச் சபையில் அந்தப் பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. ரோமாபுரி தன் திருநாள் அட்டவணையில் அதைத் திருத்த 1969 வரை ஆயிற்று. சீட்டு ஒட்டுவதற்கு ஒரு பிரசங்கம் போதும். கிழிப்பதற்குச் சுமார் ஆயிரத்து நானூறு வருஷம் வேண்டும்.

அதே மாதிரி அப்போஸ்தலன் தோமா. நம் சென்னையில் பரங்கிமலையையும் சாந்தோமையும் அவர் பெயரோடு சேர்த்து ஐதிகம் சொல்கிறது. உலகம் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகத் தோமா'. ஒரு வாரம் சந்தேகப்பட்டார். இரண்டாயிரம் வருஷமாகப் பெயர் போகவில்லை. ஆனால் அந்தக் கதையில் அவர் கேட்டது என்ன? காயத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். தொட்டுப் பார்க்கக் காயம் இருந்தது. மரணத்தையே வென்று எழுந்த உடம்பிலும் ஆணித் தழும்புகள் மறையவில்லை என்று சுவிசேஷம் சொல்கிறது. முன்பு தண்டனையின் அடையாளமாக இருந்தவை, அப்புறம் இன்னார் என்று கண்டுகொள்ளும் அடையாளமாயின. கிறிஸ்தவ விசுவாசம் பழசை மறக்கச் சொல்கிறது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைச் சரியாகப் படிக்கவில்லை. தழும்பு இருக்கட்டும், அதன் அர்த்தம் மாறட்டும் என்பதே அது சொல்வது. அந்த மூன்று நாவலாசிரியர்களும் ஆளுக்கொரு பாதையில் வந்து நின்ற இடமும் இதுதான்.

இது ஒரு மதத்துக்கு மட்டும் உரிய விஷயமல்ல என்பதற்கு நம் ஜெயகாந்தனே சாட்சி. 'அக்கினிப் பிரவேசம்' கதையில், கெடுக்கப்பட்டு மழையில் நனைந்து வந்த பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை வந்தபோது எத்தனை ஆட்சேபம்! பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், அதே தாய் தண்ணீர் ஊற்றாமல் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதினார். கங்கா ஆயுள் முழுவதும் ஒரு பெயரைச் சுமக்கிறாள். இரண்டு புத்தகங்களிலும் நடந்தது ஒன்றே. வாசல் திறந்த கையில்தான் வித்தியாசம்.

ஆகவே, இந்த நாவல்களைப் படித்துவிட்டு வல்ஜீனுக்காகவும் ஹெஸ்டருக்காகவும் கண்ணீர் விடுவதோடு நின்றுவிட்டால், அவற்றைப் பாதிதான் படித்தவர்களாவோம். சீட்டைச் சுமப்பவர்களின் பாத்திரத்தில் நம்மை வைத்துப் பார்த்துக்கொள்வது இதமாக இருக்கிறது. அந்தக் கதைகளில் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பஸ்தர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தால், திஞ் நகரத்துச் சத்திர வாசலிலும், பாஸ்டன் மேடையைச் சுற்றிய கூட்டத்திலும் இருப்பார்கள். அங்கே நின்றவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். கதவைச் சாத்துவதற்கு முன் சீட்டைப் படித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.